அப்பாவின் பிரஷர் நோட்டு

மார்ச் 4, 2024, திங்கள்

காலையில் 178/96. இரண்டு நிமிடம் விட்டு மறுபடி எடுத்தேன், 176. அளவு எப்போதும் இடது கையில்தான் எடுப்பது. பக்கவாதத்தில் விழுந்த வலது கை இறுகிப்போய்க் கிடக்கிறது, அதில் காட்டும் எண்ணை நம்பக்கூடாது என்று டாக்டர் முன்னமே சொல்லியிருக்கிறார். கைக்கு அடியில் துண்டை மடித்து வைத்து நெஞ்சு மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் இருந்து எடுத்ததுதான். ஆக, அளவில் பிழையில்லை.

அப்புறம் போர்வையை விலக்கிப் பார்த்தால், மூத்திர டியூப் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது. பை காலி. அடிவயிறு கல்லாக இருந்தது. டியூபை நிமிர்த்தியதும் மூத்திரம் இறங்கியது, முகச்சுளிப்பும் போனது. அரை மணி கழித்து 148/84.

அப்பாவுக்குப் பேச்சு இல்லை. எங்கே வலிக்கிறது என்று அவர் சொல்ல வழியில்லை, எண்தான் ஏறுகிறது. அதனால் பிரஷர் ஏறினால் முதலில் டியூப், வயிறு, முதுகுப் புண். மலம் போய் எத்தனை நாள் என்பதையும் அதே நோட்டில் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 6, புதன்

மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வந்து ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். எழுந்து நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் சிலருக்குக் கால் வீங்கும். படுத்தே இருப்பவருக்கு நீர் இடுப்புக்குக் கீழே, முதுகுப் பக்கம் கோத்துக்கொள்ளலாம். அங்கே விரலால் அழுத்திப் பார்க்கிறேன். இன்று குழி விழவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

சித்தப்பா வந்திருந்தார். "பிரஷர் ஏறுனா மாத்திரைய நாக்குக்கு அடியில வையி தாயி, சட்டுனு இறங்கும்" என்றார். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அது பழைய வழக்கம், ஆபத்தானது. ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். ஏற்கெனவே அடிபட்ட மூளை அதைத் தாங்காது. "வேண்டாம் சித்தப்பா, டாக்டர் சொன்ன நேரத்துக்குச் சொன்ன மாத்திரை மட்டும்தான்" என்றேன். தானாக நிறுத்துவதும் கூடாது, சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் அழுத்தம் எகிறும்.

180/120-ஐத் தாண்டி, மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ புதிதாகக் கை கால் தளர்ச்சியோ தெரிந்தால் வீட்டு வைத்தியமே கிடையாது, 108-க்கு போன்தான். அதைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

பிசியோ தம்பி அப்பாவை உட்கார வைத்தார். படுத்திருந்தபோது 146. உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில் 118, கண் சொருகியது. உடனே படுக்க வைத்தோம். பல மாதம் படுத்தே இருந்த உடம்பு, எழுந்ததும் ரத்தத்தை மேலே தள்ளத் திணறுகிறது. இதைத் தெரியாமல் படுத்த அளவை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டினால் என்ன ஆகியிருக்கும்?

டாக்டரிடம் இரண்டு அளவையும் காட்டினேன். மாத்திரையைக் கூட்டவில்லை. இனி தலைமாட்டை மட்டும் உயர்த்திக் கொஞ்ச நேரம், அப்புறம் காலைத் தொங்கவிட்டு, பிறகுதான் நாற்காலி. நோட்டில் "உட்கார்ந்து" என்று தனிப் பத்தி போட்டுவிட்டேன்.