என் நாக்கும் பீரும்: இருபத்தைந்து ஆண்டுகள்

எனக்கு முதன்முதலாகக் கிடைத்த பீர் பிடிக்கவில்லை. இதை இப்போது தயக்கமின்றி எழுத முடிகிறது. இருபத்திரண்டு வயதில் நண்பர்கள் நடுவே உட்கார்ந்திருந்தபோது சொல்லத் துணிவு வரவில்லை. பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்திருந்த லாகர் வகையைச் சேர்ந்த அந்த வெளிர்மஞ்சள் பீரில் எனக்குப் பிடித்தது குளிர்ச்சி ஒன்றுதான். விழுங்கிய பின் அடிநாக்கில் தங்கிவிட்ட கசப்பைப் போக்க வழி தெரியாமல், அடுத்த மிடறைக் கொண்டே அதைக் கழுவிக்கொண்டிருந்தேன். குவளை விரைவில் காலியானதைப் பார்த்து, எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டதாக நண்பர்கள் எண்ணினார்கள்.

கசப்பை வெறுப்பது நாக்கின் குறையன்று. இனிப்பை உணர மனித நாக்கில் ஒரே வகை ஏற்பி போதுமானதாக இருக்க, கசப்பை உணர மட்டும் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் உள்ளன. தாவரங்களில் உள்ள நஞ்சுகள் பலவும் கசப்பானவை என்பதால், கசந்தால் துப்பிவிடு என்ற எச்சரிக்கை பிறக்கும்போதே நம்முடன் வந்துவிடுகிறது. அந்த எச்சரிக்கையை நாம் பழக்கத்தால்தான் தணிக்கிறோம். ஒரு சுவை மீண்டும் மீண்டும் வருகிறது, அது வரும்போதெல்லாம் நல்ல பேச்சும் நெருங்கிய முகங்களும் உடன் இருக்கின்றன. சில மாதங்களில் அந்தக் கசப்பே அவர்களை நினைவூட்டத் தொடங்குகிறது. பீர் எனக்குப் பிடித்துப்போனது அந்த வழியில்தான். முதலில் அந்த மாலைகள் பிடித்தன, பிறகு அவற்றோடு சேர்ந்திருந்த சுவை பிடித்தது.

அந்த நாட்களில் நான் பீரைத் தேர்ந்தெடுத்தது பாட்டிலில் அச்சிட்டிருந்த ஓர் எண்ணைப் பார்த்துத்தான். ஆல்கஹால் 5 சதவீதம் என்றால் சாதாரணம், 8 சதவீதம் என்றால் உயர்ந்தது என்பது எங்கள் கணக்கு. இயன்றவரை குளிர்வித்தே குடித்தோம். கடுங்குளிர்ச்சி நாக்கை மரத்துப்போகச் செய்து, சுவையையும் வாசனையையும் அடக்கிவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. ஏழெட்டு ஆண்டுகள் அப்படிக் குடித்திருக்கிறேன். அவற்றில் ஒரு பீரின் சுவையைக்கூட இன்று என்னால் நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முடியாது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

முப்பதை நெருங்கியபோது, என்னைவிட இருபது வயது மூத்த நண்பர் ஒருவர், நான் அண்ணா என்று அழைப்பவர், எனக்குப் பில்ஸ்னர் உர்க்வெல் என்ற செக் நாட்டு பீரை ஊற்றிக் கொடுத்தார். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து சிறிது நேரம் வெளியில் வைத்திருந்த பாட்டில் அது. குவளையைச் சாய்த்துப் பாதி ஊற்றி, பிறகு நிமிர்த்தி மீதியை நேராக ஊற்றியதில் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழும்பி நின்றது. நான் வழக்கம்போல் மடமடவென்று குடிக்கப் போனேன். "உடனே விழுங்கிவிடாதே தம்பி, கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திரு" என்றார். வைத்திருந்தேன். முதலில் ரொட்டியின் பொன்னிற மேல்தோலை மென்றது போன்ற இனிப்பு வந்தது; அதன் பின்னால் உலர்ந்த புல்லும் மூலிகையும் கலந்த ஒரு வாசனை மூக்கின் உட்புறமாக ஏறியது; விழுங்கிய பிறகுதான் கசப்பு வந்தது. வந்த கசப்பு அடிநாக்கில் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுக்கவில்லை. இனிப்பைத் துடைத்து, வாயை உலர வைத்து, அடுத்த மிடறுக்கு இடம் பண்ணிவிட்டுப் போயிற்று. குடிக்கக் குடிக்க, ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வளையமாக நுரை குவளையின் உட்சுவரில் படிந்து நின்றதையும் அன்றுதான் கவனித்துப் பார்த்தேன்.

அந்தப் பீரின் கதையை அண்ணா அன்றிரவே சொன்னார். இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவில் உள்ள பில்சன் நகரத்தார், கெட்டுப்போன பீரைக் குடித்துச் சலித்து, 1838-இல் 36 பீப்பாய்களைத் தெருவில் கொட்டிக் கவிழ்த்தார்கள். பிறகு தாங்களே புதிய வடிப்பாலை ஒன்றைக் கட்டி, பவேரியாவிலிருந்து யோசப் க்ரோல் என்ற வடிப்பாளரை வரவழைத்தார்கள். அவர் 1842 அக்டோபரில் அங்கே தம் முதல் பீரை வடித்தார். அந்த ஊரின் மென்மையான நீர், வெளிர்நிறமாக உலர்த்திய மால்ட் என்ற முளைகட்டிய பார்லி, பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூக்களில் அந்த நாட்டின் ஸாட்ஸ் வகை மூன்றும் சேர்ந்ததில், பழுப்பும் கருமையுமான பீர்களையே பெரிதும் பார்த்திருந்த மக்கள் முன் பொன்னிறத்தில் தெளிந்த பீர் வந்து நின்றது. இன்று உலகெங்கும் விற்கும் வெளிர்மஞ்சள் லாகர்களில் பெரும்பாலானவை அதன் வழியில் வந்தவையே. நான் இருபத்திரண்டு வயதில் கழுவித் தள்ளிய லாகரும் இந்தக் குடும்பம்தான் என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது. உர்க்வெல்லில் ஆல்கஹால் 4.4 சதவீதமே. நாங்கள் கொண்டாடிய கணக்கின்படி அது பொருட்டே இல்லாத பீர்.

அதற்குப் பின் சில ஆண்டுகள் ஆவலோடு தேடிக் குடித்தேன். கின்னஸ் கறுப்பாக இருப்பதால் அது கனமானது, போதை மிகுந்தது என்று நம்பியிருந்தேன். வறுத்த பார்லி தந்த நிறம்தான் அது, ட்ராஃப்ட் கின்னஸில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான் என்று தெரிந்துகொண்டேன். அதன் பட்டுப்போன்ற நுரைக்குக் காரணம் நைட்ரஜன். கார்பன் டை ஆக்சைடைவிட மிகக் குறைவாகவே திரவத்தில் கரைவதால் நைட்ரஜன் மிகச் சிறிய குமிழ்களாக வெளிவருகிறது. கோதுமை பீரில் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வந்தபோது, இவற்றை எப்போது சேர்த்தார்கள் என்று கேட்டேன். எதையும் சேர்ப்பதில்லை, இரண்டும் ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாக்குபவை என்றார் அண்ணா. ஒரு நுண்ணுயிர் தன் வேலையைச் செய்யும்போதே பழ வாசனையைப் படைக்கிறது என்ற செய்தி என்னைப் பல நாட்கள் விடவில்லை.

முப்பத்தைந்து வயதுக்குமேல் எனக்கு ஹாப்ஸ் பித்து பிடித்தது. அமெரிக்காவில் 1972-இல் வெளிவந்த காஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகையும், அதைத் தாராளமாகப் போட்டு 1980-இல் வடிக்கத் தொடங்கிய சியரா நெவாடா பேல் ஏலும் பீரின் வாசனையையே மாற்றியவை. மூலிகை வாசனை இருந்த இடத்தில் கிடாரங்காய்த் தோலைக் கீறியது போன்ற நெடி வந்தது. அங்கிருந்து ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) என்ற ஹாப்ஸ் மிகுந்த பீர் வகைக்குப் போனேன். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறித்தான் கசப்பு பிறக்கிறது. எனவே கொதியின் தொடக்கத்தில் போட்ட ஹாப்ஸ் கசப்பைத் தரும், கடைசியில் போட்டது வாசனையைத் தரும். இந்தக் கசப்பை அளக்க ஐ.பி.யு. என்ற அலகு உண்டு. சாதாரண லாகரில் 10 முதல் 15 வரை இருக்கும், உர்க்வெல்லில் 40-ஐ ஒட்டி இருக்கும், நான் தேடித்தேடி வாங்கியவற்றில் 70-ஐத் தாண்டியிருக்கும். ஒருகாலத்தில் கசப்பைக் கழுவிக்கொண்டிருந்த நான், இப்போது கசப்பு போதவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும்போது, ஓர் எண்ணை விட்டு இன்னோர் எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றுகிறது. சதவீதம் போய் ஐ.பி.யு. வந்தது, அவ்வளவுதான். நல்ல ஐ.பி.ஏ. எதுவென்று அறியும் பக்குவம் அந்தப் பித்தின் கடைசியில்தான் வந்தது, அதுவும் ஓர் இழப்பின் வழியாக. விருப்பத்தோடு வாங்கிய பன்னிரண்டு பாட்டில்களைச் சிறப்பு நாட்களுக்கென்று அலமாரியில் சேர்த்து வைத்திருந்தேன். ஓராண்டு கழித்து முதல் பாட்டிலைத் திறந்தபோது ஹாப்ஸ் வாசனை முற்றிலும் போயிருந்தது; நனைந்த அட்டைப்பெட்டியை முகர்ந்தது போல் இருந்தது. பீர் பழையதாகும்போது உண்டாகும் நானீனல் என்ற பொருளின் வாசனை அது. மற்ற பதினொன்றும் அப்படியே. ஹாப்ஸை நம்பி நிற்கும் பீரை வாங்கிய சில வாரங்களுக்குள் குடித்துவிட வேண்டும், அதைக் குளிரில் வைக்க வேண்டும், வெளிச்சம் படாமல் காக்க வேண்டும். பாட்டிலின் மேல் வேறெதையும் பார்க்கும் முன் தேதியைப் பார்க்கும் பழக்கம் அன்று வந்ததுதான்.

தேதியைப் பார்க்கும் அந்தப் பழக்கம்தான் என்னை ஓர்வாலிடம் கொண்டு சேர்த்தது. பெல்ஜியத்தின் தென்கோடியில் உள்ள ட்ராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம் ஒன்றின் பீர் அது. அங்குள்ள வடிப்பாலை 1931-இல் தொடங்கியது. பம்பரக்கட்டை போல் இடுப்பு ஒடுங்கிய பாட்டில், அதன் மேல் வாயில் மோதிரத்தைக் கவ்விய மீன். எப்போது பாட்டிலில் அடைத்தார்கள் என்ற தேதியையும் அதில் அச்சிடுகிறார்கள். முதலில் குடித்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோல் சேணத்தையும் பழைய மரப்பெட்டியையும் நினைவூட்டிய அந்த மணத்தை, பீர் கெட்டுப்போனதன் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன்.

அது கெட்டதன்று, வேறோர் ஈஸ்டின் வேலை என்று பிறகு தெரிந்தது. பிரெட்டனோமைசிஸ் என்ற அந்த ஈஸ்டை, 1904-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாவ்ஸன் என்பவர், நாள்பட வைத்துப் பதப்படுத்திய ஆங்கிலேய பீர்களில் அடையாளம் கண்டு பெயரிட்டார். மதுத் தயாரிப்பில் பலரும் அஞ்சி விலக்கும் அதை ஓர்வால் மடத்தார் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். வழக்கமான ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைக்கும் நீண்ட சர்க்கரைகளை அது பாட்டிலுக்குள் மெல்ல மெல்லத் தின்கிறது. மாதங்கள் போகப்போக இனிப்பு வடிகிறது, வாயு ஏறுகிறது, புதிதில் முன்னே நின்ற ஹாப்ஸ் பின்னே நகர, சேணத்தின் மணம் முன்னே வருகிறது. பெயர் மாறாமல் பீர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. நாற்பத்திரண்டு வயதில் அதை மறுபடி குடித்தபோது, அந்த மணமே என்னை உட்கார வைத்தது. என் நாக்கு மாறியதா, அன்று கிடைத்த பாட்டில் வேறு வயதுடையதா என்று பிரித்தறிய எனக்கு வழியில்லை, இரண்டும் நடந்திருக்கும்.

இதற்கிடையே உடலும் தன் கணக்கைச் சொல்லத் தொடங்கிவிட்டது. வயது ஏற ஏற உடலில் நீரின் பங்கு குறைகிறது. அதே அளவு ஆல்கஹால் குறைந்த நீரில் கலப்பதால் இரத்தத்தில் அதன் செறிவு கூடுகிறது. இரண்டாவது குவளை குடித்த இரவுகளில் விரைவில் தூங்கிவிட்டு, நடு இரவில் விழித்து விடியும்வரை புரண்டுகொண்டிருந்தேன். இப்போது வாரத்தில் ஒருநாள், ஒரு பாட்டில். ஆல்கஹால் எந்த அளவிலும் பாதுகாப்பானதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்ட பிறகு, இந்த ஒன்றைக்கூட நியாயப்படுத்த நான் முயல்வதில்லை. மற்ற நாட்களில் விரும்பினால் ஆல்கஹால் நீக்கிய பீர் குடிக்கிறேன். காற்றழுத்தத்தைக் குறைத்து, அதிகம் சூடாக்காமலே ஆல்கஹாலை ஆவியாக்கிப் பிரிக்கும் முறையில் சுவை ஓரளவு தப்பிவிடுகிறது. ஆனாலும் வாயில் திரளும் கனம் குறைவுதான், ஏனென்றால் அந்தக் கனத்திலும் இனிப்பிலும் ஆல்கஹாலுக்கே ஒரு பங்கு உண்டு. கோதுமை பீரில் அந்தக் குறை குறைவாகத் தெரிகிறது என்பது என் அனுபவம்.

போன மாதம் அண்ணா வந்திருந்தார். அவருக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. அலமாரியில் மூன்று ஓர்வால்கள் இருந்தன. ஒன்று அடைத்து நான்கு மாதமானது, மற்ற இரண்டும் இரண்டரை ஆண்டைக் கடந்தவை. எது எதுவென்று சொல்லாமல், புதியதில் ஒன்றும் பழையதில் ஒன்றுமாகத் திறந்து, இரண்டு குவளைகளை அவர் முன் வைத்தேன். பழையதில் நுரை குவளையின் விளிம்பைத் தாண்டி எழுந்து நெடுநேரம் நின்றது. அதைக் குடித்துவிட்டு அவர் என்ன சொல்வாரோ என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். அந்தச் சேண மணத்தை அவரோடு பகிர்ந்துகொள்ளத்தான் அவ்வளவு நாள் வைத்திருந்தேன். அவர் இரண்டையும் மாறிமாறி வாயில் வைத்துப் பார்த்தார். பழையதை மூன்றாம் முறை முகர்ந்து, "இதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை தம்பி. முன்னே மாதிரி மூக்கு இல்லை. இன்னொன்றில் ஹாப்ஸ் நன்றாகத் தெரிகிறது" என்றார்.

"எனக்குப் பழையதுதான் பிடித்திருக்கிறது, அண்ணா" என்றேன்.

"அப்படியானால் அதை நீ எடுத்துக்கொள்" என்று புதிய பீர் இருந்த குவளையைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, அலமாரியில் வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். பழையதில் இன்னொன்று இருக்கிறது, ஐந்து ஆண்டு ஆகட்டும் என்று வைத்திருக்கிறேன் என்றேன்.

"அவ்வளவு நாள் வைக்காதே" என்றார்.