ஜல்லியும் எம்-சாண்டும் சோதனைக்கூடம் போய் வந்த கதை

தாம்பரத்துக்குத் தெற்கே கட்டிக்கொண்டிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திறங்கிய எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லோடு ஒன்றைச் சென்ற மாதம் திருப்பி அனுப்பினேன். அப்படி அனுப்புவதற்குத் தேவைப்பட்ட ஒற்றைத் தாளைப் பெறுவதற்குள் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. சிமெண்ட் மூட்டையிலும் கம்பியிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடிப் பார்த்து வாங்குகிறோம். கான்கிரீட்டின் கன அளவில் ஏறக்குறைய முக்கால் பங்காக இருக்கும் ஜல்லியையும் மணலையும் லாரிக்காரர் சொல்வதை நம்பித்தான் இறக்கிக்கொள்கிறோம்.

சந்தேகம் வந்ததற்குக் காரணம், லோடு எங்கிருந்து வருகிறது என்று காட்டும் நடைச்சீட்டு. தமிழ்நாட்டில் எம்-சாண்ட் ஆலைகளுக்குப் பொதுப்பணித் துறை தரத்தை மதிப்பிட்டுச் சான்று வழங்குகிறது. அந்தச் சான்றின் நகல் ஒன்றைக் கான்ட்ராக்டர் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். ஆனால் லாரி ஓட்டுநர் கொடுத்த நடைச்சீட்டில் இருந்தது வேறொரு கிரஷரின் பெயர். கேட்டதற்கு, எல்லாம் ஒரே மலைதான் சார் என்றார். மலை ஒன்றாகவே இருக்கட்டும், கல்லை வேகமாக மோதவிட்டு உடைக்கும் வி.எஸ்.ஐ. இயந்திரத்தில் உடைத்து, கழுவி, தூளைப் பிரித்தெடுத்த மணலும், ஜல்லி உடைக்கும்போது அடியில் கொட்டும் கிரஷர் டஸ்டும் ஒன்றாகிவிடுமா? கையில் ஒரு பிடி அள்ளி விட்டபோது உள்ளங்கை ரேகைகளில் சாம்பல் நிறத் தூள் அப்பிக்கொண்டது. கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மணலும் மீதிக்கு நீரும் ஊற்றிக் குலுக்கி வைத்ததில், மறுநாள் காலையில் மணலுக்கு மேல் விரல் பருமனுக்குத் தூள் படிந்திருந்தது.

பாட்டில் சோதனையைக் காட்டினால் எந்த சப்ளையரும் லோடைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதால், கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியாருக்கும் சோதனை செய்து கொடுக்கும் ஒரு பொறியியல் கல்லூரியின் சிவில் துறையை அணுகினேன். தொலைபேசியில் பேசிய அலுவலர், ஒவ்வொன்றிலும் ஒரு பை கொண்டுவந்தால் போதும் என்றார். எவ்வளவு பெரிய பை என்று கேட்டபோது, சாதாரணப் பைதான் என்று சொல்லி வைத்துவிட்டார். நேரில் போனபோது, கட்டட உரிமையாளரின் விண்ணப்பம் செல்லாது, பொறியாளரின் லெட்டர்ஹெட்டில் பணியின் பெயர், மாதிரி எடுத்த இடம், தேவைப்படும் சோதனைகளின் பட்டியல் ஆகியவற்றுடன் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதத்தோடு மறுபடி போனால், பணம் கல்லூரி முதல்வர் பெயரில் டி.டி.யாகத்தான் வர வேண்டுமாம், ஜி.பே கிடையாது. டீக்கடையில் கூட ஸ்கேன் செய்து பணம் கட்டும் காலத்தில் ஒரு டி.டி.க்காக வங்கி வரிசையில் நின்றது தனி அனுபவம்.

டி.டி.யும் கடிதமும் சரியானபின், மாதிரியைப் பார்த்த டெக்னீஷியன் ஜல்லிப் பையை ஏற்க மறுத்தார். கல் அடியைத் தாங்குமா என்று பார்க்கும் மோதல் சோதனைக்கு 12.5 மில்லிமீட்டர் சல்லடையில் விழுந்து 10 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் கற்களை மட்டுமே எடுப்பார்கள். முக்கால் இஞ்ச் ஜல்லியில் அந்த அளவுக் கற்கள் குறைவு. ஐந்து கிலோ பையைச் சலித்தால் சோதனைக் குவளையை நிரப்பவே தேறாது. சப்பட்டைக் கற்களை அளக்கும் சோதனைக்கோ ஒவ்வொரு அளவிலும் குறைந்தது 200 கற்களை எண்ணி எடுக்க வேண்டும். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தால் ஓர் அலைச்சல் மிச்சமாகியிருக்கும். முக்கால் ஜல்லிக்கு ஒரு சிமெண்ட் சாக்கு நிறைய, மணலுக்கு அரைச் சாக்கு என்று எடுத்துப் போவதே நல்லது.

மாதிரி எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. குவியலின் மேலிருந்து மட்டும் அள்ளினால் பொடியின் அளவு சரியாக வராது, அடியோரத்தில் அள்ளினால் பெரிய கற்கள் அதிகமாக வரும். ஆகவே குவியலைச் சுற்றிப் பல இடங்களில் மேற்பரப்பை ஒதுக்கிவிட்டு உள்ளிருந்து எடுத்து, தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் கால்பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் கலந்து குறைத்துக்கொண்டே வந்தோம். கான்ட்ராக்டரையும் சப்ளையரின் ஆளையும் பக்கத்தில் நிற்க வைத்து, சாக்கைத் தைத்த பிறகு சீட்டில் அவர்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டேன். அறிக்கையின் அடியில் ‘வாடிக்கையாளர் அளித்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்’ என்ற வரி கட்டாயம் இருக்கும். கையெழுத்து இல்லாவிட்டால் அந்த ஒரு வரியை வைத்தே சப்ளையர் தப்பித்துவிடுவார்.

இவ்வளவுக்கும் பிறகு வந்த முதல் அறிக்கையில் எம்-சாண்ட் தேறிவிட்டது! 600 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர் ஆயிரம் மைக்ரான்) சல்லடையில் விழுந்தது 48 சதவீதம், ஆகவே மணலின் பருமனை வைத்துப் பிரிக்கும் வகைகளில் இரண்டாம் மண்டலம் (35 முதல் 59 வரை). 75 மைக்ரானில் விழுந்தது 9.6 சதவீதம். ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383-இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு உடைத்த கல் மணலுக்கு 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது; ஆற்று மணலுக்கு அது 3 சதவீதம்தான். பாட்டிலில் கண்ணால் பார்த்த படிவுக்கும் இந்த எண்ணுக்கும் பொருந்தவேயில்லை என்பதால் அறிக்கையை மறுபடி படித்தேன். எல்லா எண்களும் உலர் சலிப்பில் வந்தவை. நுண்தூள் காய்ந்த மணல்மணிகளின் மேல் ஒட்டிக்கொண்டு பெரிய சல்லடைகளிலேயே தங்கிவிடும், அதனால்தான் சோதனை முறைகளைச் சொல்லும் ஐ.எஸ். 2386-இன் முதல் பகுதியில் 75 மைக்ரானுக்குக் கீழான தூளைக் கழுவிக் கண்டறியும் முறை தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் கடிதத்தில் அந்தச் சோதனையும் எழுதியிருந்தது. அலுவலரோ, சலிப்பிலேயே 75 மைக்ரான் வந்துவிட்டதே, எதற்கு இரண்டு முறை என்று கேட்டார். கட்டணம் பெற்ற ரசீதில் அந்தச் சோதனை இருப்பதைக் காட்டிய பிறகே மாதிரி மீண்டும் கூடத்துக்குள் போனது.

கழுவும்போது பக்கத்தில் நிற்க டெக்னீஷியன் அனுமதித்தார். தட்டில் மணலை இட்டு நீரூற்றிக் கலக்கி, மேலே 1.18 மில்லிமீட்டரும் கீழே 75 மைக்ரானுமாக அடுக்கிய சல்லடைகளில் வடித்தார். கழுநீர் போல வெளுத்து ஓடிய நீர் தெளிவதற்குள் அவர் கை ஓய்ந்துவிட்டது. 100 முதல் 110 டிகிரி வரையிலான அடுப்பில் உலர்த்தி எடைபோட்டபோது காணாமற்போயிருந்த எடை 19.8 சதவீதம். இத்தனை தூள் இருந்தால் கலவை நீரைக் குடிக்கும். மேஸ்திரி வேலை ஓடுவதற்காக இன்னும் நீர் ஊற்றுவார். வலுவும் குறையும், விரிசலும் வரும். அந்தத் தாளைக் கண்டதும் சப்ளையர் பேசாமல் லோடை எடுத்துக்கொண்டார், ஏற்றுக்கூலி மட்டும் என் தலையில்.

ஜல்லியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மோதல் மதிப்பு, அதாவது அடித்ததில் பொடியான பங்கு, 22 சதவீதம். சாதாரணக் கான்கிரீட்டுக்கு 45 வரை, தேய்மானம் படும் தளங்களுக்கு 30 வரை போகலாம். சப்பட்டைக் கற்களும் நீளக் கற்களும் சேர்ந்து 37 சதவீதம், அதாவது 40 என்ற வரம்பின் ஓரத்தில் தப்பியது. இந்தப் பக்கத்துக் கல் சார்னோகைட் இனம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையின் மேல் கிடக்கும் கல்லை வைத்து அந்த இனத்துக்குப் பெயரிட்டார்கள், அந்தக் கல் போனதோ பல்லாவரத்திலிருந்து என்கிறார்கள். அது உறுதியான கல்தான், சப்பட்டையாக்குவது இயந்திரம்.

மிஞ்சிய ஜல்லியை மழைநீர் சேகரிப்புக் குழியில் கொட்டிவிடலாம் என்று கான்ட்ராக்டர் சொன்னபோது மறுபடியும் தகராறு. கான்கிரீட்டுக்குப் பல அளவுக் கற்கள் கலந்திருந்து இடைவெளியை அடைக்க வேண்டும். வடிகாலுக்கோ அந்த இடைவெளிதான் வேண்டும். ஒரே அளவு ஒன்றரை இஞ்ச் ஜல்லியில் ஏறக்குறைய 40 சதவீதம் வெற்றிடம் கிடைக்கும், அதையும் தூசியோடு கொட்டினால் முதல் மழையிலேயே தூசி கீழிறங்கி அடிமண்ணை மூடிவிடும். இதற்குச் சோதனைக்கூடம் தேவையில்லை: வாளியில் ஜல்லியைப் போட்டு நீரூற்றிக் கிளறினால் நீரின் நிறமே சொல்லிவிடும். நாங்கள் குழிக்குப் பக்கத்திலேயே ஹோஸ் வைத்துக் கழுவித்தான் இறக்கினோம்.

அடுத்த லோடுக்கான ஆர்டரில் எழுதிக் கையெழுத்து வாங்கியவை: நடைச்சீட்டில் உள்ள பெயரும் சான்றில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், 75 மைக்ரான் தூள் கழுவிய முறையில் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், தேறாத லோடைத் திருப்பும் செலவு சப்ளையருடையது, அளவு கன அடியில் அல்ல, எடைமேடைச் சீட்டின்படி டன்னில். ஈரமணல் உப்பி நிற்கும் என்பதால் யூனிட் (நூறு கன அடி) கணக்கில் வாங்கும்போது காற்றுக்கும் காசு கொடுக்கிறோம். எடையிலும் ஈரத்தின் பங்கு இருக்கிறதே என்று சப்ளையர் சிரித்தார், அதற்காக உலர்ந்த லோடையே கேட்டிருக்கிறேன்.