எர்த், விண்ட் அண்ட் ஃபயர், 1975

நேற்று ராத்திரி மறுபடியும் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் என்ற அமெரிக்க இசைக்குழுவின் 'தட்ஸ் த வே ஆஃப் த வேர்ல்ட்' ஆல்பம் கேட்டேன். அதே பெயரில் ஒரு படத்துக்காகச் செய்த பாட்டுகள். படம் ஓடவில்லை. ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு இசைத் தரவரிசையில் முதலிடம், 'ஷைனிங் ஸ்டார்' பாட்டும் முதலிடம்!

கொலராடோ மலைப்பக்கம் கரிபூ ராஞ்ச் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். குழுத் தலைவர் மாரிஸ் வைட்டோடு சேர்ந்து தயாரித்தவர் சார்ல்ஸ் ஸ்டெப்னி. எனக்கு அவர்மேல் தனி மரியாதை. ஃபங்க் என்கிற கறுப்பின நடன இசையின் தாளத் துள்ளலைக் கெடுக்காமல் வயலின்களை உள்ளே கொண்டுவருவது சாதாரண வேலையா?

அப்புறம் அதே ஆல்பத்தில் 'ரீசன்ஸ்' பாட்டு. குழுவின் பாடகர் ஃபிலிப் பெய்லி கள்ளக்குரலில், அதாவது இயல்பான குரலைவிட உயரமான மெல்லிய குரலில், மேலே போய்க்கொண்டே இருப்பார். இதற்குமேல் குரல் போகாது என்று நினைக்கும்போது இன்னும் ஒரு படி ஏறுவார். அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை திருப்பிப் போட்டேன்.