எராஸ்மஸ் முண்டஸ்: 1,400 யூரோவுக்கு முன்னும் பின்னும்

ஐரோப்பாவில் முதுகலை படிக்கத் தரப்படும் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைக்குப் பொது விண்ணப்பம் எங்கே இருக்கிறது என்று தேடாதீர்கள், அப்படி ஒன்று கிடையாது. 2004-இல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்குப் பணம் ஐரோப்பிய ஒன்றியத்துடையது. ஆளைத் தேர்ந்தெடுப்பதோ, வெவ்வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கைகோத்து நடத்தும், மாணவர் நாடு மாறிப் படிக்கும் அந்தந்த முதுகலைப் படிப்பின் குழு. ஒவ்வொரு படிப்புக்கும் தனித் தளம், தனிப் படிவம், தனி மதிப்பெண் அளவுகோல். முழுப் பட்டியல் ஒன்றியத்தின் இணையதளத்தில் இருக்கிறது. பெரும்பாலான படிப்புகள் அக்டோபர் வாக்கில் திறந்து ஜனவரியை ஒட்டி மூடிவிடும். வகுப்பு தொடங்குவது அடுத்த செப்டம்பரில். கடைசி ஆண்டு இளங்கலை மாணவர்களும் போடலாம், சேரும்போது பட்டம் கையில் இருந்தால் போதும்.

கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். கட்டணமும் காப்பீடும் அவர்கள் பாடு. விமான டிக்கெட், விசா, வாடகை எல்லாம் அந்த 1,400-க்குள்தான். பயணப்படி தனியாக வராது.

விண்ணப்பத்தில் உங்கள் கையில் இருக்கும் வேலை கொஞ்சம்தான். பிறர் கையில் இருப்பதுதான் காலை வாரும், அதனால் அங்கிருந்து தொடங்குங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (எல்லாப் பருவ மதிப்பெண்களின் தொகுப்பு) வர வாரக்கணக்கில் ஆகலாம், செப்டம்பரிலேயே பணம் கட்டிவிடுங்கள். கூடவே வகுப்பில் உங்கள் இடம் எத்தனையாவது என்று துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். 8.1 என்ற சிஜிபிஏவை வைத்து ஐரோப்பியப் பேராசிரியருக்கு ஒன்றும் விளங்காது. '120 பேரில் 7-ஆவது' என்றால் உடனே விளங்கும்.

பரிந்துரைக் கடிதத்தில் நம் ஊருக்கே உரிய வில்லங்கம் ஒன்று உண்டு. "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுறேன்" என்பார் பேராசிரியர். இரண்டு கடிதத்தையும் மாணவரே எழுதினால் இரண்டும் ஒரே குரலில் பேசும், படிப்பவருக்கு அது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். எழுதிக் கொடுக்காதீர்கள். அவரிடம் செய்த புராஜெக்ட், வாங்கிய மதிப்பெண், அவருக்கு நினைவிருக்கக்கூடிய ஒரு சம்பவம் என அரைப் பக்கக் குறிப்பாகக் கொடுங்கள். பல படிப்புகளில் பதிவேற்றும் இணைப்பு நேரே அவருடைய மின்னஞ்சலுக்குப் போகும். கல்லூரி முகவரியையே கொடுங்கள், ஸ்பாமையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி, பட்டச் சான்றிதழில் முன்னால் 'எஸ்.', ஐஎல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வுச் சான்றில் அப்பா பெயர் விரிவாக என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளதே எல்லா இடத்திலும் வரட்டும். ஐஎல்ட்ஸுக்குப் பதியும்போதே இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பழைய சான்றிதழ்களுக்கு, 'இரு பெயரும் ஒருவரே' என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எடுத்து விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

நோக்கக் கடிதத்தை 'சிறு வயதிலிருந்தே அறிவியல் மீது தீராத ஆர்வம்' என்று தொடங்கினால் முதல் வரி வீண். 'ராணிப்பேட்டைத் தோல் ஆலைக் கழிவுநீரில் குரோமியத்தைப் பிரிக்க, வாழைநார்க் கரியை இறுதியாண்டில் சோதித்தேன். அமிலத்தன்மை குறைந்ததும் அது வேலை செய்யவில்லை' என்பது போல எழுதுங்கள். தோற்றதைச் சொல்லத் தயங்க வேண்டாம். இரண்டாம் ஆண்டை எந்த நாட்டில், எந்த ஆய்வகத்தை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்பதும் வேண்டும். அந்தப் பத்தியை வைத்துத்தான் ஒரே கடிதத்தைப் பத்துப் படிப்புக்கு அனுப்புகிறவரை ஒதுக்குகிறார்கள்.

கடைசி நேரம் 23:59 என்று போட்டிருப்பது பெரும்பாலும் மத்திய ஐரோப்பிய நேரம். குளிர்காலத்தில் நமக்கு அது மறுநாள் அதிகாலை 4:29. நேரம் இருக்கிறதே என்று அதுவரை இழுக்காதீர்கள். கடைசி நாளில் தளம் ஊர்ந்து போகும்.

நிராகரிப்பைத் தவிர்த்தால் முடிவு மூன்று விதமாக வரும்: உதவித்தொகை, காத்திருப்புப் பட்டியல், சொந்தச் செலவில் இடம். காத்திருப்புப் பட்டியலை நிராகரிப்பு என்று எண்ண வேண்டாம். நல்ல மாணவர்களுக்கு இரண்டு மூன்று படிப்பில் கிடைத்து ஒன்றைத்தான் எடுப்பார்கள், மீதி நகரும். சொந்தச் செலவு இடத்துக்குக் கடன் வாங்கிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த ஆண்டு மறுபடி போடலாம்.

விசா முதல் நாட்டின் தூதரகத்தில். ஸ்பெயின் என்றால் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்குக் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். இத்தாலி என்றால் அந்நாட்டு அரசின் யுனிவர்சிட்டாலி தளத்தில் முன்பதிவு வேண்டும். பட்டச் சான்றுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் முத்திரை) தேவைப்பட்டால், முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சக முத்திரை. இந்த வரிசை மாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒரு நாட்டு மாணவர் அனுமதியை வைத்து இன்னொரு நாட்டில் 360 நாள் வரை படிக்க 2016/801 என்ற ஐரோப்பிய ஆணை வழி செய்கிறது. டென்மார்க்கும் அயர்லாந்தும் அதில் சேரவில்லை. அனுமதி அட்டை கைக்கு வந்ததும் அதில் எராஸ்மஸ் முண்டஸ் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே திருத்தக் கேளுங்கள், இரண்டாவது நாட்டு எல்லையில் போய்ச் சொல்லிப் பயனில்லை.

இனி பணம். முதல் தவணை நீங்கள் போய்ச் சேர்ந்து, பதிவு செய்து, வங்கிக் கணக்கு எண் கொடுத்த பிறகுதான் வரும். கணக்குத் திறக்க வீட்டு முகவரி வேண்டும், வீட்டுக்கு முன்பணம் வேண்டும். இந்தச் சுழலில் நான்கு முதல் ஆறு வாரம் போய்விடலாம். வாடகை, முன்பணம், சாப்பாடு, போக்குவரத்துக்கு 2,000 யூரோவாவது ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றும் வங்கி அட்டை) ஏற்றிக்கொண்டு போங்கள். கையில் 200 யூரோ ரொக்கமாக இருக்கட்டும், அதுவும் இருபது, ஐம்பது யூரோ நோட்டுகளாக. நூறு யூரோ நோட்டை நீட்டினால் பல சின்னக் கடைகளில் கையை விரித்துவிடுவார்கள்.