அடிலெய்டிலிருந்து பெர்த்துக்கு: ஒற்றை விரல் வணக்கம்

செப்டம்பர் 4, போர்ட் அகஸ்டா

காலையில் அடிலெய்டை விட்டோம். ஓட்டுவது அக்கா, வழி சொல்வது, தூங்கி விழுவது இரண்டும் என் பொறுப்பு. பெர்த் போய்ச் சேர ஏறக்குறைய 2,700 கி.மீ.

பச்சைக் கோதுமை வடக்கே வர வர மெலிந்து, சாம்பல் நிற உப்புப்புதர் தலைகாட்டுகிறது. 1865இல் ஜார்ஜ் கோய்டர் என்ற நில அளவை அதிகாரி குதிரையில் அலைந்து, செடிகொடிகளை வைத்தே ஒரு கோடு கிழித்தார்: இதைத் தாண்டி மழையை நம்பி விதைக்க வேண்டாம் என்று. நாலு வருஷம் நல்ல மழை பெய்ததும் கோட்டைத் தாண்டிப் போனவர்களின் கல்வீடுகள், இங்கிருந்து வடக்கே, கூரையில்லாமல் இன்னும் நிற்கின்றன.

செப்டம்பர் 5, செடூனா

கிம்பா ஊரில் ஆஸ்திரேலியாவின் பாதி வழி இதுதான் என்று பலகை. நாங்கள் கால்வாசிகூட வரவில்லை. மற்றபடி வயல், தானியக் கிடங்கு, மறுபடி வயல்.

செப்டம்பர் 6, நல்லர்பார் ரோட்ஹவுஸ்

செடூனா தாண்டியதும் எதிரே வந்த லாரிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கினார். கையை எடுக்கவில்லை, சிரிக்கவுமில்லை. அடுத்த வண்டியும் அப்படியே. பத்தாவது வண்டிக்குள் அக்காவுக்கும் பழகிவிட்டது. அடுத்த பெட்ரோலுக்கு நூறு, இருநூறு கி.மீ. போகவேண்டிய ஊரில் எதிரே வருபவர்தான் அக்கம்பக்கம்.

நல்லர்பார் என்றால் லத்தீனில் 'மரமே இல்லை'. ஆனால் நெடுஞ்சாலை அந்தச் சுண்ணாம்புக்கல் சமவெளியின் தெற்கு ஓரமாகத்தான் போகிறது. முழு மொட்டை வெளி கொஞ்ச தூரம்தான். அதைத்தான் எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறோம்!

ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோர இடத்து மேடையிலிருந்து திமிங்கிலங்களைப் பார்த்தோம். அண்டார்டிக் பக்கமிருந்து குட்டி போட வந்தவை. தாய் அசையாமல் கிடக்க, குட்டி அதன் முதுகில் ஏறி வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் நின்றோம்.

செப்டம்பர் 7, யூக்ளா

மாநில எல்லையில் வண்டிச் சோதனை. ஆப்பிள் போனது, பாதித் தேன் பாட்டிலும் போனது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் தேன் கொண்டுபோகக் கூடாது. தேனீ நோய் வந்துவிடும் என்ற பயம். அக்கா கடைசியாக ஒரு விரல் வழித்து நக்கிவிட்டுத்தான் கொடுத்தாள்.

கடிகாரக் கூத்து வேறு. அடிலெய்டைவிட பெர்த் ஒன்றரை மணி நேரம் பின்னால். யூக்ளா அதைப் பாதியாக உடைத்து 45 நிமிடத்தில் நிற்கிறது. சட்டப்படி அப்படியொரு நேரமே கிடையாது, ஊர் அதன்படிதான் சாப்பிடுகிறது.

1877இல் திறந்த தந்தி நிலையம் மணலுக்குள் புதைகிறது. முயல்கள் புல்லை மொட்டையடித்ததில் மணல்மேடு நடக்கத் தொடங்கிவிட்டதாம்.

செப்டம்பர் 8, பல்லடோனியா

146.6 கி.மீ. ஒரு வளைவுகூட இல்லாத சாலை. வழியில் தாரின்மேல் வெள்ளைக் கோடுகள்: பறக்கும் மருத்துவர் விமானம் இறங்கும் இடம். இருட்டுமுன் நிறுத்திவிட்டோம், அந்தி நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும்.

செப்டம்பர் 10, கல்கூர்லி

திடீரென்று காடு. சால்மன் கம் என்ற யூகலிப்டஸ் மரங்கள். பட்டை செம்பு போல வழவழவென்று, தொட்டால் காலை வெயிலிலும் குளிர்ச்சி. இவ்வளவு வறண்ட மண்ணில் இத்தனை உயரம் எப்படி என்று இன்னும் புரியவில்லை. ஊருக்குத் தண்ணீர், பெர்த் பக்கத்து மலையிலிருந்து 500 கி.மீ.க்கு மேல் குழாயில் வருகிறது, 1903 முதல்.

செப்டம்பர் 11, பெர்த்

அந்தக் குழாய் நாள் முழுக்கச் சாலையோரம் கூடவே வந்தது. கோதுமை நிலம் திரும்பியது, நடுநடுவே வெள்ளை உப்புத் திட்டுகளோடு. ஆழ வேர்விட்ட மரங்களை வெட்டியதில் நிலத்தடி நீர் உயர்ந்து உப்பை மேலே கொண்டுவந்துவிட்டது.

வண்டிகள் பெருகப் பெருக விரல்கள் குறைந்தன. நகர எல்லைச் சிக்னலில் அக்கா பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்க வேனுக்கு விரலைத் தூக்கினாள். அவர் கண்ணாடியை இறக்கி, குனிந்து தன் டயரைப் பார்த்தார்.