மாதிரிக் குழாய்க்குள் வந்துசேர்ந்த கன்றின் எச்சில்

கால்நடை மருத்துவ முதுநிலைப் பட்டத்துக்காக நான் எடுத்துக்கொண்ட ஆய்வு, கறவை மாடுகளில் வெளியே தெரியாத மடிநோயைப் பற்றியது. நாமக்கல் பக்கம் ஆய்வு என்றதும் உறவினர்கள் எல்லோரும் கோழியைத்தான் நினைத்தார்கள். மடி வீங்கிப் பால் திரிதிரியாக வந்தால் மாட்டுக்காரரே கண்டுபிடித்துவிடுவார். நான் தேடியதோ, மடியும் பாலும் பார்வைக்குக் குறையின்றி இருக்க, பாலில் வெள்ளணுக்கள் மட்டும் பெருகியிருக்கும் நிலையை. ஒரு மில்லிலிட்டர் பாலில் உடலணுக்கள் (தொற்றுள்ள பாலில் பெரும்பாலும் இந்த வெள்ளணுக்கள்தான்) 2 லட்சத்தைத் தாண்டினால் அந்தக் காம்பில் தொற்று இருக்கிறது என்று கொள்வது வழக்கம்.

பாலை மட்டும்தானே எடுக்கப் போகிறோம், ஒரு ஊசிகூடப் போடப்போவதில்லையே, இதற்கு எதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் என்று முதலில் சலித்துக்கொண்டேன். குழுவில் ஒருவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, மாட்டின் உரிமையாளர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவம் ஏன் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று கேட்டார். பதில் இல்லை. படிவத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான், என் ஆய்வைப் பத்து வரியில் ஒரு விவசாயிக்குச் சொல்ல எனக்கே தெரியவில்லை என்பது புரிந்தது. நான்கு முறை திருத்தி எழுதினேன்.

களத்தில் முதற்கட்டச் சோதனை எளிது. ஷால்ம் என்பவரும் நூர்லேண்டர் என்பவரும் 1957-இல் வெளியிட்ட கலிபோர்னியா மடிநோய்ச் சோதனைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நான்கு கிண்ணங்கள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே சிறிதளவு பீய்ச்சி, அதே அளவு கரைசலை ஊற்றி, மெல்லச் சுழற்ற வேண்டும். கரைசலில் உள்ள சோப்பு போன்ற பொருள் வெள்ளணுக்களை உடைக்க, வெளிவரும் டிஎன்ஏ பாலைக் கூழாக்குகிறது. அணுக்கள் கூடக்கூடக் கூழும் கெட்டிப்படும். கன்று ஈன்ற முதல் சில நாட்களிலும், கறவை வற்றும் தறுவாயிலும் நோயில்லாத மாட்டிலேயே அணுக்கள் கூடுதலாக இருக்கும் என்பதால், அத்தகைய மாடுகளை நான் சேர்க்கவில்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. கூழான காம்புகளிலிருந்து நுண்ணுயிர் வளர்ப்புக்காகக் கிருமி நீக்கிய குழாய்களில் பால் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகம் சேர்த்து, 5 விழுக்காடு செம்மறி ஆட்டு இரத்தம் கலந்த அகார் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்) தட்டுகளில் 0.01 மில்லிலிட்டர் வீதம் தீற்றி, 37 டிகிரி செல்சியசில் வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால், பெரும்பாலான தட்டுகளில் மூன்று நான்கு வகை நுண்ணுயிர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படர்ந்திருந்தன. ஒரே காம்பின் பாலில் மூன்று வகையோ அதற்கு மேலோ வளர்ந்தால் அது மடியிலிருந்து வந்ததன்று, வெளியிலிருந்து கலந்தது என்று கருதி அந்த மாதிரியைக் கழித்துவிட வேண்டும். என் வழிகாட்டிப் பேராசிரியர் தட்டுகளைப் பார்த்துவிட்டுக் கடிந்துகொள்ளவில்லை. "நாளைக்கு நீ பால் எடுக்கும்போது நான் தள்ளி நின்று பார்க்கிறேன்" என்றார்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் கண்டது மூன்று பிழைகள். முதலாவது, கன்று. எங்கள் ஊர்ப் பக்கம் பால் சுரக்கட்டும் என்று கன்றை முதலில் ஊட்டவிடுவார்கள். அதன் எச்சில் நான்கு காம்புகளிலும் வழிந்துகொண்டிருந்தது. இரண்டாவது, கறவைக்காரர் மடியில் அடித்த தண்ணீர் துடைக்கப்படாமல் காம்பு நுனிக்குச் சொட்டாக இறங்கியது. மூன்றாவது முழுக்க என்னுடையது: எனக்கு அருகிலிருந்த காம்புகளை முதலில் துடைத்துவிட்டு, எட்டத்திலிருந்த காம்புகளுக்குக் கை நீட்டும்போது துடைத்ததையே முழங்கையால் உரசியிருக்கிறேன். 70 விழுக்காடு ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் எட்டக் காம்புகளை முதலிலும் கிட்டக் காம்புகளைப் பிறகும் துடைக்க வேண்டும்; பால் எடுப்பதோ இதற்கு நேர்மாறாக, கிட்டத்திலிருந்து எட்டத்துக்கு. பாடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கிய செய்திதான் இது.

அன்றிலிருந்து மடியை உலரத் துடைத்து, காம்பு நுனியைப் பஞ்சு அழுக்கேறாமல் வரும்வரை தேய்த்து, முதல் மூன்று நான்கு பீய்ச்சலைத் தனிக் கிண்ணத்தில் விட்டு, குழாயைச் சாய்வாகப் பிடித்து மூடியின் உட்புறம் எதிலும் படாமல் எடுத்தேன். ஒரு மாட்டுக்குக் கால் மணி நேரம் ஆனது. சொசைட்டி வண்டிக்கு நேரமாகிறது என்று கறவைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

வளர்ந்த கிருமியை அடையாளம் காணும் வேலை நீளமானதே தவிரக் கடினமானதன்று: கிராம் சாயம், கேட்டலேஸ், பிறகு முயல் பிளாஸ்மாவைக் கொண்டு கோவாகுலேஸ் என வரிசையாகச் சில சோதனைகள். மடிநோயை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி எது, அதன் உறவுக் கிருமிகள் எவை என்பதை இவற்றாலேயே பெரும்பாலும் பிரித்துவிடலாம். என்னை அதிகம் குழப்பியவை எதுவுமே வளராத தட்டுகள். ஒரு வீட்டில் நான்கு முறை தோண்டிக் கேட்டபிறகே, முந்தின வாரம் காம்புக்குள் கிருமியைக் கொல்லும் ட்யூப் மருந்து ஏற்றியது வெளிவந்தது. மருந்து ஏற்றிய மாட்டின் பாலைக் குறிப்பிட்ட நாட்களுக்கு விற்கக்கூடாது என்பதால்தான் மறைத்திருக்கிறார்கள். அதற்குப்பின் "மருந்து போட்டீர்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "போன வாரம் மாடு எப்படி இருந்ததுங்க?" என்று பேச்சைத் தொடங்கினேன். உண்மை தானாக வந்தது.

முடிவுகளை உரியவர்களிடம் சேர்ப்பது ஆய்வுத் திட்டத்தில் இல்லை. ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்ததால் செய்தாக வேண்டியிருந்தது. ஒரு பாட்டியிடம் அவருடைய மாட்டின் வலப்பக்கப் பின்காம்பில் நோய் இருக்கிறது என்றேன். "பால் நல்லாத்தானுங்க அம்மிணி இருக்குது, நோவுங்கறீங்களே?" என்றார். தட்டை எடுத்து அவர் முன்னாலேயே நான்கு காம்பையும் பீய்ச்சிச் சுழற்றிக் காட்டினேன். மூன்று கிண்ணங்கள் தண்ணீராக ஓட, நான்காவது வெண்டைக்காய்ச் சாறு போலக் கோழையாகத் திரண்டது. சற்று நேரம் பார்த்துவிட்டு, "பக்கத்து ஊட்டு மாட்டையும் இப்படி ஒருக்கா பாத்துருங்க" என்று சொல்லி, அந்த வீட்டம்மாவை வேலிக்கு இப்பால் நின்றே கூப்பிட்டார்.