வால் நுனியை மட்டும் பாத்து பேரு வைக்காதீங்க

மழை நின்னு குளம் வாய்க்கால்லாம் தண்ணி கிடக்குற நேரத்துல வாட்ஸ்அப்ல ஊசித்தட்டான் போட்டோவா வந்து குவியும், கூடவே ஒரே கேள்வி, "வால் ஆரஞ்சா இருக்கு, இது ஆரஞ்ச் டெயில்டு மார்ஷ் டார்ட் தானே?" பேரு அப்படி இருக்கறதால எல்லாரும் நேரா நுனிக்குப் போயிடுறாங்க, ஆனா பாக்க வேண்டியது மேல, நெஞ்சை ஒட்டி இருக்குற இடத்த.

வால்னு நாம சொல்றது அதோட வயிறு. எந்தத் தட்டானா இருந்தாலும் அதுல பத்து கண்டம், அதாவது வளையம் வளையமா பத்து துண்டு இருக்கும். ஆரஞ்ச் டெயில்டு மார்ஷ் டார்ட்டுக்கு (அறிவியல் பேரு செரியாக்ரியான் செரினோருபெல்லம்) ஆரம்பத்துல ரெண்டு மூணு கண்டம் செங்கல் சிவப்பு, நடுவுல முதுகுப்பக்கம் பூரா கருப்பு, கடைசி மூணு நாலு கண்டம் மறுபடி அதே சிவப்பு, ரெண்டு பக்கமும் பத்தவச்ச குச்சி மாதிரி. நெஞ்சு பச்சை, ஓரமா லேசா நீலம் ஓடும், கண்ணும் பச்சை. பொண்ணுக்கும் இதே கலர்தான், கொஞ்சம் மங்கலா இருக்கும்.

குழப்புறது யாருன்னா பிக்மி டார்ட்லெட்னு இன்னொரு குட்டி ஊசித்தட்டான். அதுல ஆணுக்கும் நெஞ்சுல பச்சைக் கோடு, வால் நுனி சிவப்பு, போட்டோல ஜூம் பண்ணிட்டா சைஸும் தெரியாது, ரெண்டும் ஒண்ணுதான்னு தோணிடும். ஆனா அதுக்கு வயித்தோட ஆரம்பம் சிவக்காது, அங்கயும் கருப்புதான். நேர்ல பாத்தா சந்தேகமே வராது, மார்ஷ் டார்ட் வயிறு மட்டும் 3 சென்டிமீட்டர் வரும், பிக்மி அதுல பாதி. வயசான பிக்மி ஆண் மேல வெள்ளையா மாவு வேற படிஞ்சிடும், அப்புறம் நுனிச் சிவப்பும் வெளிறிப் போகும், அத நம்பி எப்படி பேரு சொல்றது?

முழு மஞ்சளா வால் இருந்தா அது கோரமண்டல் மார்ஷ் டார்ட், ஆரஞ்ச் டெயில்டுக்கு சொந்தக்காரன்தான், நம்ம வயல் ஓரத்துல சாதாரணமா கிடைக்கும்.

இன்னொண்ணு, ஆரஞ்ச் டெயில்டு இத்தனை அழகா இருக்கேன்னு சாதுன்னு நினைச்சிடாதீங்க, மத்த ஊசித்தட்டானையே புடிச்சு தின்னும் (எனக்கு அதனாலயே இத ரொம்ப புடிக்கும்). அப்படி தின்னுட்டு இருக்கும்போது சட்டுனு பறக்காது, போட்டோக்கு அதுதான் நேரம். மேலேர்ந்து எடுக்காம புல்லு மட்டத்துக்கு குனிஞ்சு பக்கவாட்டுல எடுங்க, தலைலேர்ந்து நுனி வரைக்கும் முழுசா ஃபோகஸ்ல வரணும், வாலை மட்டும் கிராப் பண்ணி அனுப்புனா நான் பதில் போட மாட்டேன்.